வாஷி: சீட் பெல்ட் சொல்லும் சேதி

பொழுது புலர்வதற்குள் வாஷியின் மினி ஸீஷோர் நடைபாதையில் கூட்டம் சேர்ந்துவிடுகிறது. புடவைக்குக் கீழே வெள்ளை ஷூ அணிந்த மாமிகள், டாக்டரின் உத்தரவுக்குப் பணிந்து கைவீசி நடக்கும் ஓய்வுபெற்ற அதிகாரிகள். இவர்களில் தமிழர்களும் உண்டு. மாதுங்காவிலும் செம்பூரிலும் தாராவியிலும் இடம் போதாமல் பாலத்தைத் தாண்டிவந்த குடும்பங்கள். 1970ல் அமைக்கப்பட்ட சிட்கோ நிறுவனம் உருவாக்கிய இந்த நகருக்கு, 1992ல் மின்சார ரயிலும் வந்தது.

நடந்த நடைக்குப் பலன் இருக்கிறதா? ஒரு காலத்தில் ரயில் நிலைய எடை இயந்திரம் இதற்குப் பதில் சொன்னது. நாணயம் போட்டால் எடையும் ஜோசியமும் அச்சிட்ட அட்டை விழும். ஊருக்கு ரயிலில் போனவர்கள் இப்போது விமானம் ஏறுகிறார்கள். எடை பார்க்கும் வேலையை சீட் பெல்ட் எடுத்துக்கொண்டது. போன பொங்கலுக்கு மூச்சை இழுத்துப் பிடித்துக் கட்டிய பெல்ட், இந்தக் கல்யாணத்துக்குப் போகும்போது தாராளமாக மாட்டினால் வரும் சந்தோஷமே தனி. மாட்டாவிட்டால்? பக்கத்து இருக்கைக்காரர் காதில் விழாதபடி பணிப்பெண்ணிடம் கூடுதல் பெல்ட் கேட்க வேண்டும். அந்தக் கூச்சத்துக்குப் பயந்தே சிலர் கைப்பையை மடியில் வைத்து மறைத்து, பெல்ட் போடாமல் உட்கார்ந்துவிடுகிறார்கள். விமானம் குலுங்கும்போதுதான் இது எவ்வளவு ஆபத்து என்பது தெரியும்.

உண்மையில் பெல்ட் நம்பகமான தராசு அல்ல. அதன் நீளம் விமானத்துக்கு விமானம் மாறுகிறது. பறக்கும்போது விமானத்துக்குள் இருக்கும் காற்றழுத்தம், 6,000 முதல் 8,000 அடி உயர மலையில் இருப்பது போன்றது. வயிற்றிலுள்ள வாயு மூன்றில் ஒரு பங்கு வரை விரியலாம். ஒரே இடத்தில் உட்கார்ந்திருப்பதால் காலும் வீங்கும். இறங்கும் நேரத்தில் பெல்ட்டும் செருப்பும் இறுக்கினால் அது கொழுப்பின் குற்றமல்ல. தவிர, பெல்ட் கட்ட வேண்டிய இடம் தொப்பை அல்ல, அதற்குக் கீழே இடுப்பெலும்பு.

விமான நிறுவனங்களுக்கும் எடைக் கவலை உண்டு, ஆனால் அது வேறு விதம். 2003 ஜனவரியில் அமெரிக்காவின் சார்லட் நகரில் சிறு விமானம் ஒன்று விழுந்து 21 பேர் இறந்தனர். பராமரிப்புக் கோளாறோடு, பயணிகளின் சராசரி எடையைக் குறைத்துக் கணக்கிட்டதும் காரணமென்று தெரிந்தது. 2023ல் ஏர் நியூசிலாந்து தன் பயணிகளை எடை மேடையில் ஏற்றியபோது எண்ணை யாருக்கும் காட்டவில்லை. அதற்குத் தேவை சராசரி மட்டுமே.

தனி மனிதருக்குத் தேவையான எண் வேறு. இந்தியர்களுக்கு எடை அதிகமில்லாவிட்டாலும் வயிற்றில் கொழுப்பு சேர்ந்து சர்க்கரை நோய் வருகிறது. அதனால்தான் இந்திய மருத்துவ வல்லுநர்கள் 2009ல் இடுப்புச் சுற்றளவின் எல்லையை ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. என்று வகுத்தார்கள். 2023ல் வெளியான ஐ.சி.எம்.ஆர். ஆய்வின்படி நாட்டில் சர்க்கரை நோயாளிகள் சுமார் 10 கோடி. இந்த எண்ணைத் தெரிந்துகொள்ள விமான டிக்கெட் வேண்டாம், தையல்காரரின் டேப் போதும்.

ஆனாலும் விமானப் பயணம் ஒன்றை உள்ளபடி காட்டிவிடுகிறது. பெட்டியைத் தூக்கித் தலைக்கு மேல் வைக்கும்போது மூச்சு வாங்குகிறதா, ஏணிப்படியில் நிற்காமல் ஏற முடிகிறதா என்பதில் ஏமாற்று கிடையாது. 2025 டிசம்பரில் நவி மும்பை விமான நிலையம் இயங்கத் தொடங்கியதால் வாஷிக்காரர்களுக்கு இந்தப் பரீட்சை வீட்டருகிலேயே வந்துவிட்டது. ஊரிலிருந்து திரும்பும் பையில் எப்படியும் திருநெல்வேலி அல்வா இருக்கும். மறுநாள் காலை மினி ஸீஷோரில் ஒரு சுற்று கூடுதலாக நடக்க வேண்டியதுதான்.