கேள்விக்குறிகள்

ஈசா டவுனில் நாங்கள் மூன்று பேர் ஒரு அறையில் இருந்தோம். மூன்று பேரும் வடக்கிலிருந்து கொழும்பு வந்து, கொழும்பிலிருந்து பஹ்ரெய்ன் வந்தவர்கள். 1960களில் கட்டப்பட்டு, அப்போதைய ஆட்சியாளர் ஷேக் ஈசாவின் பெயரைத் தாங்கி நிற்கிற நகரம் அது. வெள்ளிக்கிழமைகளில் பழைய சாமான் சந்தையில் கூட்டம் நெரியும். எங்கள் கட்டில், மேசை, மின்விசிறி எல்லாம் அங்கே வாங்கியவைதான். ஒரு சின்ன மென்பொருள் கடையில் எங்களுக்கு வேலை.

2013இல் ஒரு கட்டட ஒப்பந்த நிறுவனத்துக்கு வரவுப் பதிவுப் புறோகிராம் எழுதினோம். தொழிலாளி கார்ட்டை இழுத்தால் நேரம் பதியும். திரையில் விரலால் தொட்டு ஒரு குறிப்பும் எழுதலாம். அதில் தமிழ் எழுத்தையும் சேர்த்தது எங்கள் சொந்த ஆசை. ஒருவரும் கேட்கவில்லை.

இப்படியான புறோகிராமுக்குள் 'லொகர்' என்று ஒரு வகுப்பு இருக்கும். பயன்படுத்துகிறவரின் கண்ணில் அது படாது. புறோகிராமின் மற்றப் பகுதிகள் தாங்கள் செய்வதை அதனிடம் சொல்லும். அது நேரத்தையும் எந்தப் பகுதி சொன்னது என்பதையும் சேர்த்து ஒரு கோப்பில் வரிவரியாக எழுதும். லொக் என்றால் மரக்கட்டை. முன்பு கப்பல்காரர் முடிச்சுப் போட்ட கயிற்றில் ஒரு கட்டையைக் கட்டிக் கடலில் எறிந்து, எத்தனை முடிச்சு ஓடியது என்று எண்ணி வேகத்தைக் கண்டார்கள். அதைக் குறித்து வைத்த கொப்பிக்கும் அந்தப் பெயரே வந்தது.

ஜாவாவில் எழுதுகிறவர்கள் அந்நாளில் அதிகம் எடுத்தது லொக்4ஜே. நாங்களும் அதையே எடுத்தோம். ஒவ்வொரு செய்திக்கும் ஒரு தரம் கொடுக்கவேண்டும். டிபக் என்றால் எழுதுகிறவனுக்கு மட்டும் வேண்டியது. அதற்கு மேல் இன்ஃபோ, பிறகு எச்சரிக்கை, பிழை. எந்தத் தரத்துக்குக் கீழே எழுதத் தேவையில்லை என்று ஒரு கோடு போடலாம். நாங்கள் இன்ஃபோவில் போட்டோம். கோப்பு 10 மெகாபைட் ஆனதும் அதை ஒதுக்கிவிட்டுப் புதியது தொடங்கும். ஒதுக்கியதில் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு பழையதை அழிக்கும். அது கூடவே வந்த ஏற்பாடு. நாங்கள் மாற்றவில்லை.

அந்த வருடம் செப்டம்பரில் மன்னார்ப் பக்கத்து அண்ணை ஒருவர் எங்கள் அறைக்கு வந்தார். யூலை, ஓகஸ்டில் நண்பகல் 12 முதல் 4 வரை வெளிவேலை செய்விக்கக் கூடாது என்பது அங்கே அப்போது சட்டம். அந்த நேரத்தை இரவில் பிடித்தார்கள். இரவு 11 மணிவரை நின்றிருக்கிறார். 2012ஆம் ஆண்டுத் தொழிற்சட்டப்படி இரவு மேலதிக வேலைக்கு 50 வீதம் கூடுதலாகக் கொடுக்கவேண்டும். சம்பளச் சீட்டில் ஒன்றுமில்லை. புறோகிராமைத் திறந்து பார்த்தால், ஒவ்வொரு நாளும் அவர் மாலையில் போய்விட்டதாக இருந்தது. மேற்பார்வையாளர் 'திருத்தம்' செய்திருக்கிறார். திருத்தினால் பழைய வரி முழுக்க, குறிப்போடு சேர்த்து, மேலெழுதப்படும். அப்படிக் கட்டியதும் நாங்கள்தான்.

"தம்பியவை, நான் ஒவ்வொரு நாளும் எழுதினனான். அது உங்கட மெசினுக்குள்ள இருக்குதோ?"

லொக் கோப்பைத் திறந்தோம். யார், எப்போது திருத்தினார் என்ற செய்தி இல்லை. அதற்கு நாங்கள் டிபக் தரம் கொடுத்திருந்தோம். கோட்டுக்குக் கீழே போய்விட்டது. கார்ட் இழுத்த நேரங்கள் இருந்தன. ஆனால் கடைசி 12 நாட்களுக்கு மட்டும். அதற்கு முந்தியதெல்லாம் புதிய கோப்புக்கு இடம்விட்டு அழிந்திருந்தது. அவருடைய குறிப்பு இப்படி இருந்தது:

??????????? 11 ?????? ?????????

அந்தக் கணினி 1256 என்ற அரபு எழுத்து அட்டவணையில் ஓடியது. அதில் அரபு உண்டு, ஆங்கிலம் உண்டு, தமிழ் இல்லை. யுனிகோடில் 1991 முதலே தமிழுக்கு இடம் இருக்கிறது. ஆனால் கோப்பை எந்த அட்டவணையில் எழுதுவது என்று நாங்கள் சொல்லவில்லை. சொல்லாவிட்டால் கணினியின் அட்டவணைதான். தெரியாத எழுத்துக்கு அது கேள்விக்குறி போட்டது. 'இண்டைக்கும்' என்று ஆறு எழுத்து எழுதியிருக்கிறார்; புள்ளியையும் கொம்பையும் தனித்தனியே எண்ணிப் பதினொரு கேள்விக்குறி. இலக்கம் மட்டும் தப்பிவிட்டது.

அன்றிரவு எங்களுக்குள் பெரிய வாக்குவாதம். அந்தத் தாளைக் கொடுத்தால் எங்கள் முதலாளி வாடிக்கையாளரை இழப்பார். விசா அவர் கையில். ஒருவருடைய மனைவியும் பிள்ளையும் அப்போதுதான் வந்திருந்தார்கள். இன்னொருவர் கேட்டார்: "எங்களைப் பதிஞ்சவங்களை மறந்திட்டியளோ?"

மறக்கவில்லை. கொழும்பில் லொட்ஜில் தங்கினால் பொலிஸ் பதிவு. பெயர், ஊர், வந்த காரணம். 2007 யூனில் அப்படிப்பட்ட லொட்ஜுகளிலிருந்துதான் நூற்றுக்கணக்கான தமிழரை பஸ்ஸில் ஏற்றி வடக்குக்கும் கிழக்குக்கும் அனுப்பினார்கள். அடுத்த நாள் உச்ச நீதிமன்றம் அதை நிறுத்தியது. பதிவு என்ற சொல்லைக் கேட்டாலே எங்களுக்கு வயிறு கலங்கும். பதியாமல் இருப்பதே பாதுகாப்பு என்று வளர்ந்தவர்கள் நாங்கள். அந்த இரவில்தான் மறுபக்கம் தெரிந்தது. அண்ணையிடம் இருந்த ஒரே சாட்சி ஒரு பதிவுதான். யார் எழுதுகிறார்கள், யாரால் அழிக்க முடியும் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. இந்த முறை எழுதியது நாங்கள். அழியவிட்டதும் நாங்கள்.

தாளைக் கொடுத்தோம். 12 நாட்களுக்கு அவருக்குப் பணம் கிடைத்தது. மிச்ச நாட்களுக்குச் சான்று இல்லை என்று சொல்லிவிட்டார்கள். எங்கள் முதலாளி ஒரு கிழமை பேசவில்லை; வேலையை எடுக்கவில்லை.

பிறகு புறோகிராமைத் திருத்தினோம். கோப்புக்கு யுனிகோட். நாளுக்கொரு கோப்பு, ஒன்றையும் அழிப்பதில்லை. யார் எதை மாற்றினாலும் பழையதும் புதியதும் தனிக் கோப்பில் இன்ஃபோ தரத்தில் விழும். மொத்தம் இருபது வரி மாற்றமும் இல்லை. முதல் நாளே செய்திருக்கலாம்.

அண்ணை அடுத்த வருடம் ஊருக்குப் போனார். போகுமுன் வந்து, இப்போது தமிழில் எழுதினால் நிற்குமோ என்று கேட்டார். நிற்கும் என்றோம். அதை எழுதிப் பார்க்க அவருக்கு அங்கே வேலை இருக்கவில்லை.