சாட்சி சொன்ன முட்டை

உங்கள் அம்மாவைப் பார்த்து யாராவது 'கலப்படக்காரி' என்று சொன்னால் உங்களுக்கு எப்படி இருக்கும்? எனக்கும் அப்படித்தான் இருந்தது. அதற்குச் சாட்சியாக வந்தது யார் தெரியுமா? ஓர் அவித்த முட்டை!

திருமங்கலத்தில் எங்கள் வீட்டுக் கொல்லையில் அம்மா ஆறு நாட்டுக்கோழி வளர்க்கிறாள். மாசாமாசம் நான் கொடுக்கிற பணம் அப்படியே சாமி படத்துக்குப் பின்னால் போய்விடும். முட்டை விற்ற காசுதான் அவளுக்குச் சொந்தக் காசு. பேரப்பிள்ளைகளுக்குத் திருவிழா பலூன், கோயில் உண்டியல், வெற்றிலை பாக்கு எல்லாம் அதில்தான்.

பக்கத்து வீட்டு அம்மாள் நிரந்தர வாடிக்கை. மகள் தலைப்பிரசவத்துக்கு வந்திருப்பதால் தினம் ஒரு முட்டை. ஒருநாள் காலையில், அவித்த முட்டையை இரண்டாக அறுத்துத் தட்டில் வைத்துக்கொண்டு வாசலில் வந்து நின்றார்.

"என்ன மதினி இது, கரு இப்படி வெளுத்துக் கிடக்கு? போன மாசமெல்லாம் செக்கச் செவேல்னு இருந்துச்சே! பண்ணை முட்டையை டீத்தண்ணியில முக்கி நாட்டு முட்டைன்னு விக்கிறாகளாமே... நீங்களுமா?"

அம்மா வாயே திறக்கவில்லை. தட்டை வாங்கி வைத்துக்கொண்டு, முந்தானை முடிச்சை அவிழ்த்துக் காசைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள். ராத்திரி சாப்பிடவில்லை. காலையில் ஒரே வார்த்தை: "கோழியை எல்லாம் வித்துருடா."

எனக்குப் பொறுக்கவில்லை. ஒரு கோழியைக் கூடையிலும், ஒரு முட்டையைச் சட்டைப் பையிலும் வைத்துக்கொண்டு கால்நடை மருத்துவரிடம் போனேன். (சட்டைப் பையில் முட்டை வைத்துக்கொண்டு யாரும் டவுன் பஸ் ஏறாதீர்கள். காரணம் கேட்காதீர்கள்!)

டாக்டர் சட்டையைப் பார்த்தார். சிரிப்பை அடக்கிக்கொண்டு, "கோழிக்கு என்ன போடறீங்க?" என்றார்.

"நொய், தவிடு, மிச்சச் சோறு."

"முன்னாடியும் இதேதானா?"

"முன்னாடி மேயவிட்டிருந்தோம் சார். மூணு வாரமா பஞ்சாரத்துல கவுத்து வச்சிருக்கோம்."

"அதான் விஷயம்!" என்று ஒரு பாடமே நடத்திவிட்டார்.

மஞ்சள் கருவுக்கு நிறம் கொடுப்பது சாந்தோஃபில் என்கிற நிறச்சத்து. அதைக் கோழியால் சொந்தமாகத் தயாரிக்க முடியாது, தின்றால்தான் உண்டு. பச்சைக் கீரை, புல், மஞ்சள் மக்காச்சோளம், செண்டுமல்லிப் பூ இதழ் இதிலெல்லாம் அது நிறைய. நொய்யிலும் தவிட்டிலும் இல்லை என்றே சொல்லலாம். முட்டை ஓட்டின் நிறம் வேறு கதை; அது கோழியின் ஜாதியைப் பொறுத்தது.

"அப்போ சிவப்பாயிருந்தா நாட்டு முட்டைதானே?"

"அதுவும் கிடையாது. பண்ணையிலயும் மக்காச்சோளம் போடறாங்க. தீவனத்துல செண்டுமல்லிச் சாறு சேர்த்தும் நிறம் ஏத்தலாம். பெயின்ட் கடையில கலர் அட்டை காட்டுவாங்களே, அதே மாதிரி கரு நிறத்தை அளக்கவே 1-லேருந்து 15 வரை நம்பர் போட்ட விசிறி அட்டை உண்டு!"

"வெளுத்த முட்டையில சத்து குறைவா சார்?"

"புரதம் அப்படியேதான் இருக்கும். பச்சை தின்ன கோழி முட்டையில லூட்டின் கூடுதல், கண்ணுக்கு நல்லது. ஆமா, மேயவிடறதை ஏன் நிறுத்தினீங்க?"

அப்போதுதான் எனக்குச் சுரீர் என்றது. கோழி வேலி தாண்டி வந்து கீரைப் பாத்தியைக் கிளறுகிறது என்று சண்டைக்கு வந்து, பஞ்சாரத்தில் போட வைத்ததே அதே பக்கத்து வீட்டு அம்மாள்தான்!

அன்று முதல் கோழிகளுக்கு முருங்கைக் கீரை, உடைத்த மக்காச்சோளம், பூக்கடையில் வாடிப்போன செண்டுமல்லி என்று ராஜ விருந்து. ஆனால் இன்று தின்றது நாளைக்கே தெரியாதாம். கோழி வயிற்றுக்குள் கருக்கள் வரிசையாக நிற்கும். ஒவ்வொன்றும் கடைசிப் பத்து நாளில்தான் அடுக்கடுக்காகப் பெருக்கும். அதனால் முழு நிறம் வர இரண்டு வாரம் வரை ஆகும் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

என் மனைவி ஒவ்வொரு முட்டையிலும் பென்சிலால் தேதி போட்டாள். வாங்க ஆள் இல்லாததால் அத்தனையும் எனக்கு ஆம்லெட்! ஐந்தாம் நாள் லேசாக மஞ்சள் தட்டியது. பன்னிரண்டாம் நாள் உடைத்த முட்டையைப் பார்த்து, "அத்தை, ஓடியாங்க!" என்று கத்தினாள். பழுத்த நாட்டு மாம்பழ நிறம்!

அம்மா ஒன்றும் பேசவில்லை. அன்றைய முட்டை ஒன்றை அவித்து, இரண்டாக அறுத்து, அதே தட்டில் வைத்து எடுத்துக்கொண்டு கிளம்பினாள். இத்தனை நாள் அந்தத் தட்டைத் திருப்பிக் கொடுக்காததன் காரணம் அப்போதுதான் புரிந்தது. அடுத்த வீட்டுத் தட்டை வெறுமனே திருப்பித் தரக் கூடாதல்லவா?

நான் பயந்துகொண்டே வேலியோரம் காதைக் கொடுத்தேன். அம்மா சத்தமே போடவில்லை. "உன் முட்டையோட நிறம் உன் கீரைப் பாத்தியிலதான் இருந்துச்சு ஆத்தா. நீதான் அடைக்கச் சொன்ன" என்றாள்.

கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. பிறகு ஒரு விசும்பல். "நாக்குல சனி மதினி... மனசுல வச்சுக்காதீக."

"வெளுத்திருந்தாலும் புள்ளத்தாச்சி தாராளமா தின்னலாம்னு டாக்டரு சொல்லிட்டாரு. நல்லா வேக வச்சுக் குடு."

கோழி விற்கும் பேச்சு அதோடு நின்றது. இப்போது தினமும் அந்தத் தட்டு எங்கள் வீட்டிலிருந்து முட்டையோடு போகிறது. அங்கிருந்து கழித்த கீரையோடு திரும்பி வருகிறது. எல்லோருக்கும் சந்தோஷம்.

பன்னிரண்டு நாள் ஆம்லெட் தின்று உண்மையை நிரூபித்த என்னைத்தான் ஒருத்தரும் கண்டுகொள்ளவில்லை!