தக்காணத்துத் தடங்கள் – 6: லோத்குண்டாவின் வெடிக்காரன்

செகந்தராபாத்திலிருந்து கரீம்நகர் போகும் ராஜீவ் ரஹதாரியில், திருமலகிரி தாண்டி அல்வாலுக்கு முன்னால் வருகிறது லோத்குண்டா. மெட்ராஸ் படைகளோடு வந்து இங்கேயே தங்கிவிட்ட தமிழர்களின் வாரிசுகள் செகந்தராபாத் வட்டாரத்தில் நிறைய உண்டு. எனக்குத் தங்கல் சித்தி வீட்டில்.

மழை விட்ட இரவு. கொல்லையில் பூந்தொட்டியை நகர்த்தியதும் அடியிலிருந்து ஒரு வண்டு ஓடியது. துடைப்பக்குச்சியால் காலைத் தொட்டேன். வயிற்று நுனியைக் குச்சிப் பக்கம் திருப்பி, 'டப்'. கூடவே மெல்லிய புகை, மூக்கைக் குத்தும் நெடி.

"கையில எடுக்காதேப்பா, சுட்டுடும். கறை வேற போகாது" என்றார் சித்தி. அனுபவஸ்தர்.

பாம்பார்டியர் வண்டு என்பதில் சந்தேகமில்லை. ஆனால் எது? கறுப்பு மேலிறகுகளில் ஆளுக்கொரு மஞ்சள் திட்டு, கால்களும் மஞ்சள். மேலிறகு நீளவாக்கில் வரிவரியாகப் புடைத்து, குட்டைச் சட்டைபோல் பாதியில் வெட்டுப்பட்டு, வயிற்று நுனி வெளியே தெரிந்தது. இதே தெலங்கானா மண்ணில் ஆறு வெள்ளைப் புள்ளிகளோடு திரியும் பெரிய தரைவண்டு ஆந்தியாவும் அமிலம் பீய்ச்சும். ஆனால் அதில் வெடிச்சத்தம் கிடையாது.

கண்ணாடி டம்ளரில் போட்டு அடிப்பக்கம் பார்த்தேன். சாதாரணத் தரைவண்டுக்கு வயிற்றில் ஆறு தகடுகள் தெரியும். இந்தக் கூட்டத்தில் பெண்ணுக்கு ஏழு, ஆணுக்கு எட்டு. இதற்கு எட்டு.

பேரினம் ஃபெரோப்சோஃபஸ். மஞ்சள் திட்டைப் பார்த்தால் லின்னேயஸ் 1771-இல் விவரித்த பைமாகுலேட்டஸ் என்று சொல்ல நாக்கு துடிக்கும். ஆனால் ஒரே இனத்துக்குள்ளேயே திட்டு பெரிதும் சிறிதுமாக இருக்கும். பங்காளி இனங்களும் இதே உடுப்பில் வரும். ஆணின் இனப்பெருக்க உறுப்பை நுண்ணோக்கியில் பார்த்தால்தான் வழக்கு தீரும். செல்போன் படத்தை வைத்து இனப்பெயர் வரை போகிறவர்களின் துணிச்சல் எனக்கில்லை. பேரினத்தோடு நிறுத்திக்கொண்டேன்.

வெடிப்பின் ரசாயனம் 1969-லேயே அளக்கப்பட்டது. ஒரு பையில் ஹைட்ரோகுயினோனும் ஹைட்ரஜன் பெராக்சைடும் சேர்ந்தே கிடக்கும். அடுத்த அறையில் நொதிகள். வால்வு திறந்து இரண்டும் சந்தித்தால் 100 டிகிரி சூட்டில் பென்சோகுயினோன் பீய்ச்சும். சித்தி சொன்ன கறை இதனால்தான். நமக்கு ஒரே 'டப்'பாகக் கேட்பது உண்மையில் துடிப்புத் துடிப்பாக வருகிறது; ஆப்பிரிக்க உறவினம் ஒன்றில் நொடிக்குச் சுமார் 500 என்று அளந்திருக்கிறார்கள். ஜப்பானிய உறவினம் ஒன்றை விழுங்கிய தேரைகளில் 43 சதவீதம் அதை வாந்தியெடுத்தன, சில ஒன்றரை மணி நேரத்துக்குப் பிறகு! வண்டுகள் உயிரோடுதான் வெளியே வந்தன. 2018-இல் வந்த ஆய்வு.

அந்த ஜப்பானிய இனத்தின் புழு பிள்ளைப்பூச்சியின் முட்டைகளைத் தின்றுதான் வளர்கிறது. இங்கே பிள்ளைப்பூச்சி உண்டா என்று கேட்டேன்.

"கீரைப் பாத்தி முழுக்க அதுதான். இவனை அங்கேயே விட்டுடு" என்றார் சித்தி.

விட்டோம். காலையில் ஷாமிர்பேட் ஏரிக்கு பஸ்.