அடுக்களைக்கு ஒரு நாழிகை வட்டில்

காலந்தவறாமை குறித்து மாணவர்களிடம் பல்லாண்டுகளாகப் பேசி வரும் எனக்கு, அடுக்களையில் காலத்தை அளக்க ஒரு கருவி வாங்குவது இத்துணைச் சிந்தனைக்குரிய செயல் என்பது சென்ற ஆண்டுதான் விளங்கிற்று.

எழுபதைக் கடந்த என் உம்மாவுக்குச் செவிப்புலன் மங்கத் தொடங்கியிருந்தது. குக்கரின் விசிலை எண்ணியே சமைத்துப் பழகியவர். ஒரு நண்பகலில் அவ்வொலி அவர் செவிக்கு எட்டவில்லை. பருப்பு கரிந்து புகை எழவே, அண்டை வீட்டார் ஓடிவந்து அடுப்பை அணைத்தனர். "இனி நீங்க அடுப்படிக்கே போக வேண்டாம் உம்மா" என்று தம்பி சொல்லிவிட்டான். உம்மா மறுமொழி கூறவில்லை. நாற்பது பேருக்குத் தனியொருவராய் நெய்ச்சோறு ஆக்கிய கைகள் மடியில் வெறுமனே கிடந்தன. அந்த மௌனத்தை என்னால் பொறுத்துக்கொள்ள இயலவில்லை.

விசில் நம்பத்தக்க அளவுகோலும் அன்று. தீ பெரிதானால் விரைந்து வரும், தணிந்தால் தாமதிக்கும். பிரியாணிக்குத் தம் போட்ட பின்னரோ திறந்து பார்க்கவும் வழியில்லை. முல்லைப்பாட்டில், பாசறையில் நீர்க்கன்னலை நோக்கிக் கழிந்த பொழுதை மன்னனுக்கு அறிவிப்போர் வருகின்றனர். நாழிகை ஒன்றுக்கு 24 நிமிடம். தம்முக்கு ஏறத்தாழப் பொருந்தும் அளவுதான்!

முதலில் பேட்டரியில் இயங்கும் டைமர் ஒன்றை வாங்கினேன். 99 நிமிடம் வரை நொடி பிசகாது கணிக்கும். முதுகில் உள்ள காந்தத்தால் குளிர்பதனப் பெட்டியில் ஒட்டிக்கொள்ளும். ஆனால் பொத்தான்கள் சிறியவை. ஒலியோ மெல்லிய கீச்சொலி. முதுமையில் செவியைவிட்டு முதலில் விலகுவன இத்தகைய உச்சத்தொனி ஒலிகளே என்பதை நான் எண்ணிப்பார்க்கவில்லை. கூடத்தில் இருந்த எனக்குக் கேட்டது; அருகில் நின்ற உம்மாவுக்குக் கேட்கவில்லை. கைப்பேசியிலும் இவ்வசதி உண்டு. மாவு பிசைந்த கையால் அதை இயக்கச் சொல்வது அவருக்கு மேலும் ஒரு தேர்வு வைப்பதாகும். (தேர்வு நடத்துவது கல்லூரியோடு போகட்டும்.)

அடுத்த முறை உம்மாவையே கடைக்கு அழைத்துச் சென்றேன். திருகி முடுக்கும் சுருள்வில் டைமர்கள் சில இருந்தன. உம்மாவை முதுகு காட்டி நிற்கச் செய்து, ஒவ்வொன்றாய் அடித்துக் காட்டுமாறு வேண்டினேன். கடைக்காரர் வியந்தாலும் மறுக்கவில்லை. மூன்றாவது மணி ஒலித்ததும் உம்மா திரும்பினார்: "இது கேக்குது."

அதற்குப் பேட்டரி வேண்டா. 60 நிமிடம் வரை பெரிய எண்கள். குறைந்த நேரத்திற்கு வைக்கும்போது சற்றுக் கூடுதலாகத் திருகிப் பின் உரிய எண்ணுக்குக் கொணர வேண்டும். இல்லையேல் வில் போதிய முறுக்கேறாது. ஒரு நிமிடம் முன்பின் ஆகலாம். முட்டை அவிப்போர்க்கு அது குறை. எங்கள் வீட்டுச் சோற்றுக்கு அன்று. மணி அடிக்குமேயன்றி அடுப்பை அது அணைக்காது. எனவே முற்றத்திற்குப் போனாலும் உம்மா அதைக் கையோடு எடுத்துச் செல்கிறார்.

ஒரு வெள்ளிக்கிழமை தம்பி வந்திருந்தபோது மணி அடித்தது. அவன் எழ முற்பட்டான்.

"நீ இரு வாப்பா" என்று கூறி, உம்மாவே எழுந்து அடுக்களைக்குச் சென்றார்.