ஒரம்பரை வந்திருக்காங்க!

திருப்பூரில் குடியிருக்கிறவனுக்குச் சொந்தக்காரர்கள் ஜாஸ்தி. ஊட்டியில் வீடு இருக்கிறவர்கள் பாவம் என்பார்கள். அவர்களுக்கு ஏப்ரல், மே இரண்டே மாதம்தான் ஆபத்து. ஜூனில் மழை பிடித்துவிட்டால் நிம்மதியாகப் போர்த்திக்கொண்டு படுக்கலாம். திருப்பூருக்கு சீஸன் என்று ஒன்று தனியாகக் கிடையாது. மனுஷன் சட்டை போடுகிற வரைக்கும் சீஸன்தான்!

இத்தனைக்கும் ஊருக்குள் மலை இல்லை, கடல் இல்லை, அருவி இல்லை. ஆறு ஒன்று இருக்கிறது. அதைப் பற்றிப் பிறகு.

கொங்கு நாட்டில் விருந்தாளிக்கு ‘ஒரம்பரை’ என்று பெயர். முன்கூட்டிச் சொல்லிவிட்டு வருகிறவரும் ஒரம்பரைதான், ஸ்டேஷனில் இறங்கிவிட்டு போன் பண்ணுகிறவரும் ஒரம்பரைதான். நான் மன்னார்குடிப் பக்கத்து ஆள். 11 வருஷத்துக்கு முன் பி.காம். சர்டிபிகேட்டோடு இங்கே வந்தேன். பகலில் இரண்டு மூன்று ஜாப் ஒர்க் கம்பெனிகளுக்கு ஜி.எஸ்.டி. கணக்கு, ராத்திரியில் இந்த மாதிரி எழுத்து. ‘பனியன் கம்பெனியில் கணக்கு எழுதுகிறான்’ என்று ஊரில் யாரோ சொல்ல, அது நாலு வாய் மாறி, ‘பனியன் கம்பெனி வெச்சிருக்கான்’ என்று ஆகிவிட்டது. மறுத்துப் பார்த்தேன். “அடக்கமான பையன்” என்று அதற்கும் நல்ல பெயர்தான் வந்தது.

கம்பெனி முதலாளியின் பங்களாவைக் கொஞ்சம் சுற்றிக் காட்டிவிடுகிறேன். லைன் வீடு. எட்டு வீடு வரிசையாக, நடுவே ஒரு நடை. ஒரு ரூம், ஒரு சமையலறை. பாத்ரூம் நாலு வீட்டுக்கு ஒன்று. குழாய் இரண்டு: உப்புத் தண்ணி தினமும் வரும், நல்ல தண்ணி வாரத்துக்கு ஒரு தரம், அதுவும் மூடு இருந்தால். எட்டுக் குடித்தனத்தில் ஒருவர் தேனி, ஒருவர் ராமநாதபுரம், இரண்டு வீடு பீகார், ஒரு வீடு ஒடிசா... திருப்பூரிலேயே பிறந்து வளர்ந்தவர் என்றால் வீட்டுக்கார அம்மா மட்டும்தான்.

யார் வீட்டுக்கு ஆள் வந்தாலும் அந்த அம்மா கேட்கிற கேள்வி ஒன்றே ஒன்று.

“ஏனுங் தம்பி, ஒரம்பரைங்களா? எத்தன நாளைக்குங்?”

மரியாதைக்கு ஒன்றும் குறைச்சல் இல்லை. ஆனால் அந்த ‘ங்’குகளுக்குப் பின்னால் ஒரு கணக்கு ஓடும்: ஆள் ஒன்றுக்கு இத்தனை குடம், மோட்டார் இத்தனை நேரம். என் பி.காம். எல்லாம் அந்தக் கணக்குக்கு முன்னால் தூசு.

போன மாதம் மாமா வந்தார். அம்மாவின் தம்பி. கூடவே அவர் பையன். பி.காம். முடித்து இரண்டு வருஷம். செம்மொழி எக்ஸ்பிரஸில் விடியுமுன் வந்து இறங்கினார்கள்.

“ரெண்டே நாள்தான் மாப்ளே. சும்மா பாத்துட்டுப் போலாம்னு.”

மாமாவின் சட்டைப் பையில் ஒரு பேப்பர். அதில் 14 பெயர், பக்கத்தில் சைஸ். பத்தாததற்கு என் போனில் வாட்ஸ்அப் வழியாகவும் சைஸ்கள் வந்துகொண்டே இருந்தன. இதெல்லாம் எனக்குப் பழக்கம்தான். பழக்கமில்லாத விஷயத்தைக் கண்டுபிடித்தது என் மனைவி. சமையலறைக்குள் கூப்பிட்டுக் காதோடு சொன்னாள்:

“தம்பி பையில ஒரு எவர்சில்வர் தட்டு, டம்ளர், போர்வை எல்லாம் இருக்கு. தட்டுல பேரு வெட்டியிருக்கு. ரெண்டு நாளைக்கு வர்றவங்க யாராச்சும் தட்டு கொண்டு வருவாங்களா?”

மாமா வாயைத் திறக்கவில்லை. நானும் கேட்கவில்லை. வந்தவரிடம் ‘எதுக்கு வந்தீங்க?’ என்று கேட்கிற பழக்கம் எங்கள் பக்கத்தில் கிடையாது. ஊரைச் சுற்றிக் காட்டக் கிளம்பினேன்.

முதலில் ஸ்டேஷன் பக்கத்திலேயே இருக்கிற குமரன் நினைவகம். 1932 ஜனவரி 10-ம் தேதி ஊர்வலத்தில் கொடியோடு போனவரை போலீஸ் அடித்துப் போட்டது. மறுநாள் ஆஸ்பத்திரியில் உயிர் போனது. வயசு 27. “திருப்பூர்க்காரர்தானே?” என்றார் மாமா. இல்லை, பிறந்தது சென்னிமலை. மில் வேலைக்காக இங்கே வந்தவர். ஊர்ப் பெயரையே முன்னால் சேர்த்துக்கொண்டு நிற்கிறார். மாமா ஒன்றும் சொல்லாமல் பையனை ஒரு தரம் பார்த்துக்கொண்டார்.

அன்று சனிக்கிழமை. திருப்பூரில் வாரச் சம்பள நாள். காலை 11 மணிக்குத் தெருவில் நின்று பார்த்தால்தான் இந்த ஊர் புரியும். டீ டைம்! அத்தனை கம்பெனியிலிருந்தும் ஆட்கள் பேக்கரிகளை நோக்கி வருவார்கள். ஒரு டீ, ஒரு தேங்காய் பன், ஐந்து நிமிஷம் போன். அப்புறம் தெருவில் ஆளே இருக்காது. மாமா வாட்ச்சைப் பார்த்தார். “மணி அடிச்ச மாதிரி போயிட்டானுவளே!”

நான் கணக்கு எழுதுகிற ஒரு கம்பெனிக்கு அழைத்துப் போனேன். மாமாவுக்கு ஏமாற்றம். ஒரு பக்கம் நூலைப் போட்டால் மறு பக்கம் டி-ஷர்ட் விழும் என்று நினைத்து வந்திருக்கிறார். அங்கே தைப்பது மட்டும்தான். நூல் மில்லிலிருந்து வரும். நிட்டிங் ஒரு இடம், சாயம் ஒரு இடம், காம்பாக்டிங் ஒரு இடம், பிரிண்டிங் ஒரு இடம், அப்புறம் கட்டிங், தையல், செக்கிங், அயர்னிங், பேக்கிங். கப்பல் ஏறுவதற்கு முன் ஒரு டி-ஷர்ட் திருப்பூருக்குள் பார்க்கிற இடங்களை என் விருந்தாளிகள் யாரும் பார்த்ததில்லை. டெம்போ டிரைவர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

பையன் டி-ஷர்ட்டைப் பார்க்கவில்லை. மிஷினைப் பார்த்தான். பேட்லாக் மிஷினில் ஒரு ஒடிசா பையன், இவன் வயசுதான், வாட்டுப் பிடித்து அடித்துக்கொண்டிருந்தான். கை போகிற வேகம் கண்ணுக்குத் தெரியவில்லை. இவன் அரைகுறை ஹிந்தியில் ஏதோ கேட்க, அவன் முக்கால் தமிழில் பதில் சொன்னான். கத்துக்க ஆறு மாசம், அதுவரைக்கும் கைமடி. அதாவது ஹெல்ப்பர்.

“இவங்க எத்தன மணிக்கு வீட்டுக்குப் போவாங்க?” என்றார் மாமா.

காலை 8.30-க்கு வந்தால், ஒன்றரை ஷிப்ட் இருக்கிற நாளில் ராத்திரி 9 ஆகும். அர்ஜென்ட் ஷிப்மென்ட் என்றால் அதுக்கு மேலும் போகும். மாமா தலையை ஆட்டினார். நடவுக் காலத்தில் அவரும் அப்படித்தான். ஆனால் நடவு வருஷம் பூராவும் கிடையாதே!

ஞாயிறு காலை காதர்பேட்டை. கடை கடையாகப் பனியன். கிலோ கணக்கில்கூடக் கிடைக்கும். எக்ஸ்போர்ட் ஆர்டர் எடுக்கிறவர்கள், தையலில் கழிவது போக எண்ணிக்கை குறையக் கூடாது என்று கொஞ்சம் கூடுதலாகவே வெட்டுவார்கள். மிஞ்சுவது சர்ப்ளஸ். ஊசி ஓட்டை, எண்ணெய்க் கறை, ஷேடு வித்தியாசம் இருந்தால் செகண்ட்ஸ். வெளிநாட்டு பிராண்டு லேபிளைப் பாதி கத்தரித்து வைத்திருப்பார்கள். ஒன்று மட்டும் எச்சரிக்கை: உங்கள் சைஸை நம்பி வாங்காதீர்கள். அமெரிக்கக்காரனின் எக்ஸெல்லில் மாமாவும் பையனும் ஒன்றாகவே நுழையலாம். பதினான்கில் ஐந்துக்கு நானே பணம் கொடுத்தேன். இதைச் செலவில் எழுதுவதா, முதலீட்டில் எழுதுவதா என்று காமர்ஸ் புத்தகத்தில் போடவில்லை.

மத்தியானம் பஸ் ஏறித் திருமுருகன்பூண்டி, அவிநாசி. பூண்டியில்தான் சுந்தரரிடம் இருந்த பொன்னை சிவபெருமானே வேடர்களை அனுப்பிப் பறித்ததாகத் தல புராணம். அப்புறம் அவருக்குத் திருப்பிக் கொடுத்துவிட்டார். (காதர்பேட்டையில் நான் கொடுத்த பணத்தை நினைத்துக்கொண்டு கும்பிட்டேன்.) அவிநாசியில் முதலை விழுங்கிய பிள்ளையை, சுந்தரர் பாடி மீட்டுக் கொடுத்த கதை. மாமா அந்தக் குளத்துப் பக்கம் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டார்.

நஞ்சராயன் குளத்துக்கு நேரமில்லை. 2024-ல் ராம்சர் பட்டியலில் சேர்ந்த பறவைகள் சரணாலயம் அது. குளிர்காலத்தில் வரித்தலை வாத்துகள் இமயமலையைத் தாண்டி வந்து தங்கும். எனக்குப் பிடித்த விருந்தாளிகள். அத்தனை தூரம் வந்தும் யாரும் சைஸ் சொல்வதில்லை!

திரும்பும்போது ஆற்றுப் பாலத்தில் மாமா நின்றார். கீழே கறுப்பாகத் தண்ணி.

“இது என்ன வாய்க்கா?”

“ஆறு மாமா. நொய்யல்.”

வெள்ளியங்கிரி மலையில் பிறந்து, கோயம்புத்தூரைத் தாண்டி, திருப்பூருக்கு நடுவே வருகிறது. ஒரு காலத்தில் அன்றைக்கு எந்தக் கலர் சாயம் ஓடுகிறதோ அந்தக் கலரில் ஆறு ஓடும். பாசனத்துக்கென்று கட்டி 1992-ல் திறந்த ஒரத்துப்பாளையம் அணை சாயத் தண்ணித் தொட்டியாகிப் போனது. விவசாயிகள் கோர்ட்டுக்குப் போனார்கள். 2011 ஜனவரியில் ஹைகோர்ட் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. ஒரு சொட்டுக் கழிவும் வெளியே விடாமல் சுத்திகரித்தால்தான் திறக்கலாம் என்றது. ஊரே ஸ்தம்பித்தது. அப்புறம் சுத்திகரிப்பு நிலையங்கள் சரியாகித் திறந்தார்கள். இதையெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தேன். மாமா ஒன்றே ஒன்று கேட்டார்.

“இது எங்க போயி சேருது?”

“கரூர்ப் பக்கம் காவிரியில.”

“அப்ப நம்ம ஊருக்குத்தானேடா வருது!”

கையில் 14 டி-ஷர்ட் இருந்த பையை இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டார். வெகுநேரம் பேசவில்லை. நானும்தான். அந்தத் தண்ணியில் விளைந்த நெல்லைத்தான் எனக்காக ஒரு மூட்டை அரிசியாக்கி ரயிலில் தூக்கி வந்திருந்தார்.

வீட்டுக்கு வந்து டீ குடிக்கும்போது விஷயத்தை உடைத்தார்.

“மாப்ளே... ஒளிச்சு என்ன ஆவப்போவுது? இவன இங்க விட்டுட்டுப் போலாம்னுதான் வந்தேன். மேட்டூர் தண்ணிய நம்பி என் காலம் போச்சு. இவன் காலம் போவாது. ஆனா இங்க வந்து பாத்தா... இது நிலைக்குமாடா?”

இதற்கு என்ன பதில் சொல்வீர்கள்? இந்தியாவின் பின்னலாடை ஏற்றுமதியில் பாதிக்கு மேல் இங்கிருந்துதான் போகிறது என்று சொல்லலாம். 1978-ல் இத்தாலியிலிருந்து வெரோனா என்று ஒரு வியாபாரி பம்பாய் வழியாக வெள்ளை டி-ஷர்ட் தேடி வந்தார். அந்த ஒரு விருந்தாளிக்குப் பின்னால் உலகமே வந்தது என்று பெருமை அடிக்கலாம். ஆனால் 2020-ல் ஊரடங்கில் மிஷின்கள் நின்றபோது பீகார்க்காரர்கள் மூட்டையோடு ஸ்டேஷனில் காத்திருந்ததும் இதே ஊரில்தான். 2025 ஆகஸ்டில் அமெரிக்கா 50 சதவீதம் வரி என்று போட்டதும், தைத்துக்கொண்டிருந்த ஆர்டர்களே நின்றன. மேட்டூர் பார்த்த பூமி உங்களுடையது, மாமா. இது டாலர் பார்த்த பூமி. இரண்டையும் சொன்னேன். அவரிடம் ஒன்றைச் சொல்லி ஒன்றை மறைத்தால் அரிசி தொண்டையில் இறங்காது.

“நீ என்னடா சொல்ற?” என்று பையனைப் பார்த்தார்.

“அந்த ஒடிசா பையன் வாரத்துக்கு எவ்ளோ எடுக்கறான்னு கேட்டேன்ப்பா,” என்றான் அவன். தொகையைச் சொன்னான். மாமா டம்ளரைக் கீழே வைத்தார்.

இனி பாக்கி ஒரே ஒரு அனுமதிதான். வீட்டுக்கார அம்மா நடையில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். நான் தயங்கித் தயங்கி, “அம்மா, தம்பி கொஞ்ச நாள்...” என்று ஆரம்பித்தேன். ரூம் கிடைக்கிற வரைக்கும்தான், தண்ணிக்குத் தனியாகக் கொடுத்துவிடுகிறேன் என்றெல்லாம் பட்டியல் போட்டேன்.

அந்த அம்மா நிமிர்ந்து பார்க்கவே இல்லை.

“நேத்தே தெரியுமுங். அந்தப் பெரிய பையத் தூக்கிட்டு வந்தப்பவே நெனச்சனுங். இந்த லைனுக்கு வந்தவங்க அத்தன பேரும் ரெண்டு நாளுன்னு சொல்லித்தானுங் வந்தாங்க. நீங்க உட்பட.” அப்புறம் பையனைப் பார்த்து, “ஏங் கண்ணு, நல்ல தண்ணி வர்ற அன்னைக்குக் காலைல நாலு மணிக்கு எந்திரிப்பியா? எந்திரிச்சீன்னா இரு.”

“எந்திரிப்பேங்க,” என்றான். வந்து இரண்டு நாள்கூட ஆகவில்லை. அதற்குள் அந்த ‘ங்க’ தொற்றிக்கொண்டுவிட்டது!

அன்று ராத்திரி ரயிலுக்கு மாமா மட்டும் கிளம்பினார். என் மனைவி கட்டித் தந்த புளிசாதத்தை வாங்கிக்கொண்டு, “பாத்துக்கம்மா” என்றார். “நான் பாத்துக்கறேன் பெரியப்பா. நீங்க நேரத்துக்குச் சாப்பிடுங்க” என்றாள். பையனிடம் மாமா ஒன்றும் சொல்லவில்லை. பையிலிருந்து அந்தத் தட்டையும் டம்ளரையும் தானே எடுத்து, எங்கள் பாத்திர ஸ்டாண்டில் கவிழ்த்து வைத்துவிட்டுப் போனார்.

திங்கட்கிழமை 8.30-க்கு பையன் கைமடியாகச் சேர்ந்தான். மூன்று வாரம் ஆகிறது. முந்தாநாள் ராத்திரி 9 மணிக்கு வந்து, சாப்பிடக்கூட உட்காராமல், போனை என் பக்கம் நீட்டினான்.

“அத்தான், பெரியத்தை வாட்ஸ்அப்ல ஆறு பேரு சைஸ் அனுப்பிருக்கு. கம்பெனி வெலைக்கு வேணுமாம். நான் என்ன பண்றது?”