கருவுற்ற பின் வந்த காதல் - 'எல் வடிவ அறை' என்னும் நாவல் பற்றிச் சில சிந்தனைகள்

காதற் கதைகளிற் கர்ப்பம் பெரும்பாலும் கடைசியிலேயே வருகின்றது. மணம் முடித்தோருக்கு அது மங்கலம்; முடியாதோருக்கு அது தண்டனை. எவ்வாறாயினும், காதல் முன்னே செல்லக் கர்ப்பம் அதன் பின்னே வரும் என்பது கதாசிரியர் பலரும் மீறாத ஒழுங்கு. இவ்வொழுங்கைத் தலைகீழாக்கி, ஒருவனுடைய கருவைச் சுமந்துகொண்டிருக்கும் பெண் வேறொருவன்மீது காதல் கொள்வதைப் பொருளாக்கிய நாவல்கள் மிகச் சில. லின் றீட் பாங்ஸ் என்னும் ஆங்கில எழுத்தாளர் 1960 ஆம் ஆண்டில் வெளியிட்ட 'எல் வடிவ அறை' அவற்றுள் ஒன்று. 1929 இற் பிறந்த இவர் நடிப்புப் பயின்று சிறிது காலம் மேடையேறியவர். பின்னர் தொலைக்காட்சிச் செய்தியாளராகப் பணியாற்றினார். 2024 இல் மறைந்தார். சிறுவருக்கென இவர் எழுதிய 'அலுமாரியிலுள்ள இந்தியன்' (1980) உலகப் புகழ் பெற்றது. 'எல் வடிவ அறை' இவருடைய முதல் நாவல்.

கதையைச் சொல்பவள் ஜேன் கிரஹம். வயது இருபத்தேழு. மணமாகாதவள். முன்பு நாடகக் குழுவொன்றில் உடன் நடித்த ஒருவனோடு கொண்ட குறுகிய உறவினாற் கருவுற்றிருக்கின்றாள். அவ்வுறவிற் காதலும் இல்லை, இன்பமும் இல்லை என்பதை அவளே கசப்போடு கூறுகின்றாள். செய்தியறிந்த தந்தை அவளை வீட்டைவிட்டு வெளியேற்றுகின்றார். இலண்டனில் புல்ஹம் பகுதியிலுள்ள பாழடைந்த வீடொன்றின் உச்சிமாடியில் ஓர் அறையை வாடகைக்கு எடுக்கின்றாள். இடையிற் பலகைச் சுவரொன்று எழுப்பப்பட்டமையால் 'எல்' என்னும் ஆங்கில எழுத்தைப்போல மடங்கிப்போன அறை அது, மூட்டைப்பூச்சி நிறைந்தது. இதனிலும் நல்ல அறையொன்றை அவளாற் பெற்றிருக்க முடியும். எனினும் இதனையே தேர்ந்தெடுக்கின்றாள். அவளுக்கு வேண்டியது இருப்பிடமன்று, சிறை. சமுதாயம் விதிக்கும் தண்டனையை முந்திக்கொண்டு தனக்குத்தானே விதித்துக்கொள்கின்றாள். அதே வீட்டின் நிலவறையில் விலைமாதர் இருவர் வாழ்கின்றனர். அவர்களுள் ஒருத்தியின் பெயரும் ஜேன் என்பதே. உச்சியில் இருப்பவளுக்கும் அடியில் இருப்பவளுக்கும் இடையிலான தூரத்தை ஊரார் எவ்வாறு அளப்பர் என்பதை ஆசிரியர் விளக்க முற்படவில்லை. பெயரே போதுமானதாக இருக்கின்றது.

இந்நாவல் தோன்றிய சூழலை நோக்கினாலன்றி அதன் துணிவு புலப்படாது. 'கோபங்கொண்ட இளைஞர்' என அழைக்கப்பட்ட எழுத்தாளர் பிரித்தானிய இலக்கியத்தில் ஆதிக்கம் செலுத்திய காலம் அது. ஜோன் பிறெய்னின் 'உச்சியில் ஓர் அறை' (1957) என்ற நாவலிற் கதாநாயகன் கருவுற்ற செல்வந்தர் மகளை மணந்து வசதியான வாழ்வை அடைகின்றான். மனமோ வேறொருத்தியிடம் இருக்கின்றது. ஸ்ரான் பார்ஸ்ரோவின் 'ஒரு வகைக் காதல்' (1960) என்ற நாவலில் காதல் தணிந்துவிட்ட பின்னரும், பெண் கருவுற்ற காரணத்தால் இளைஞன் மணம் முடிக்க நேர்கின்றது. இரண்டிலும் கர்ப்பம் ஆணின் வாழ்வில் நிகழும் ஒரு திருப்பம். வயிற்றிற் குழந்தையோடிருப்பவள் காலையில் எழுந்ததும் எதை நினைப்பாள், வாடகைக்குப் பணம் எங்கிருந்து வரும் என்றெல்லாம் அக்கதைகள் கேட்பதில்லை. 1958 இல் மேடையேறிய ஷெலா டிலேனியின் 'தேனின் ஒரு சுவை' என்ற நாடகம் இவ்விடத்து விதிவிலக்கு. கருவுற்ற பெண்ணொருத்தியை, தன்பாலின நாட்டமுடைய இளைஞன் ஒருவன் பரிவோடு பேணுவதை அது காட்டியது. பாங்ஸ் அதனிலும் ஓரடி மேலே சென்று, கருவுற்றவளுக்கும் ஆசையும் காமமும் உண்டு எனக் கூறத் துணிந்தார்.

அக்காலத்துச் சட்டமும் மனங்கொள்ளத்தக்கது. இங்கிலாந்திற் கருக்கலைப்பைக் குற்றமாக்கியது 1861 ஆம் ஆண்டுச் சட்டம். அதனைத் தளர்த்திய சட்டம் 1967 இலேயே நிறைவேறியது. நாவல் வெளிவந்தபோது கருத்தடை மாத்திரையும் அந்நாட்டிற் பரவியிருக்கவில்லை. கர்ப்பத்தை உறுதிசெய்துகொள்ளச் செல்லும் ஜேனை ஒரு டொக்டர் எதிர்கொள்ளும் காட்சி இந்நூலின் கூர்மையான பகுதிகளுள் ஒன்று. அவள் கலைக்கவே வந்திருக்கின்றாள் என முடிவுசெய்துகொண்டு, நயமான சொற்களாற் கட்டணம் பேசுகின்றார் அவர். வசதி படைத்தோருக்குச் சட்டம் ஒரு விலை மாத்திரமே என்பதை அப்போதுதான் அவள் உணர்கின்றாள். 1883 ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக் கோவையின்படி, தாயின் உயிரைக் காப்பதற்கன்றி வேறெதற்கும் கருக்கலைப்பை இன்றும் அனுமதியாத நம் நாட்டு வாசகருக்கு இக்காட்சி அந்நியமாகத் தோன்றாது.

இனி, காதலுக்கு வருவோம். ரோபி அவ்வீட்டின் இன்னோர் அறையில் வாழும் யூத இளைஞன், வறியவன், எழுத்தாளனாக வேண்டுமென முயன்றுகொண்டிருப்பவன். எவரோடும் பழகுவதில்லையென்ற உறுதியோடு வந்த ஜேனின் தனிமையை முதலிற் குலைப்பவர்களுள் அவனும் ஒருவன். நட்பு காதலாகின்றது, ஓரிரவு அவர்கள் கூடுகின்றனர். தான் கருவுற்றிருப்பதை அவள் அவனுக்குச் சொல்லவில்லை. பிறர் வாயிலாக அறிந்து அவன் விலகிச் செல்கின்றான்.

நாவலின் உயிர்நிலை இந்த மௌனத்திலேயே தங்கியுள்ளது. சாதாரணக் காதலர் தம் கடந்தகாலத்தை என்று வேண்டுமானாலும் சொல்லலாம், சொல்லாமலே விடலாம். ஜேனுக்கு அந்த வசதி இல்லை. காதல் ஆறுதலாக வளர விரும்புகின்றது. கர்ப்பமோ நாட்கணக்கோடு நகர்கின்றது. சொல்வதற்கு அவள் பிந்தும் ஒவ்வொரு நாளும் உடல் அவளுக்கு முன்பாகப் பேச ஆயத்தமாகின்றது. அவள் கோழையா? ஓரளவு ஆம். வாழ்க்கையில் முதன்முறையாக ஒருவன் தன்னைத் தானாகவே விரும்புகின்றான் என்று கண்டவள், 'கருவுற்ற கன்னி' என்னும் பட்டம் அவன் கண்ணிலும் வந்து விழுமுன் சில நாட்கள் வாழ்ந்துவிட ஆசைப்படுகின்றாள். அந்த ஆசையைப் பழிப்பது எளிது. ஆனால் அவளை அந்த நிலைக்குத் தள்ளிய தந்தையும் டொக்டரும் பழிக்கப்படுமுன் அவளைப் பழிப்பது நியாயமாகாது.

ரோபியின் சினம் எதன்மேல் எழுந்தது என்பதும் ஆராயத்தக்கது. தன்னிடம் மறைத்துவிட்டாள் என்பது அவன் கூறக்கூடிய காரணம். கூற நாணும் காரணம், அவள் வயிற்றில் இன்னொருவனுடைய குழந்தை இருக்கின்றது என்பது. முன்னையதைச் சொல்லிப் பின்னையதை மூடிக்கொள்வது ஆண்களுக்குப் பழக்கமான தந்திரம். ஆசிரியர் அவனைக் கொடியவனாக்கவில்லை. அவன் நல்லவன் என்றே நாம் நம்பும்படி எழுதியிருக்கின்றார். அதனாலேயே அவனுடைய விலகல் வலிக்கின்றது.

தமிழ் வாசகருக்குச் சகுந்தலையின் நினைவு வருதல் இயல்பு. கருவுற்று அரசவையில் நிற்கும் அவள் கேட்பது, குழந்தையின் தகப்பன் தன்னை அடையாளங்காண வேண்டும் என்பதை. மோதிரம் கிடைத்ததும் வழக்குத் தீர்கின்றது. ஜேனின் வழக்கைத் தீர்க்க எந்த மோதிரமும் இல்லை. குழந்தையின் தகப்பனை மணக்க அவள் விரும்பவில்லை. கடமை எதுவுமில்லாத ஒருவன் அவளை அடையாளங்காண்பானா என்பதே அவளுடைய கேள்வி. களவு, கற்பு என்ற நம் இலக்கிய மரபின் இரு பகுப்புகளுள் எதனுள்ளும் இந்தக் காதலை அடக்குதல் அரிது.

குறைகளும் உள. பலகைச் சுவருக்கு அப்பால் வாழும் கறுப்பின இசைக்கலைஞன் ஜோனை ஜேன் வருணிக்கும் முறை இன்றைய வாசகரைக் கூசச்செய்யும். 1958 இல் நொட்டிங் ஹில் பகுதியில் இனக் கலவரம் நிகழ்ந்த நகரத்தின் மனோபாவம் அதிற் படிந்திருக்கின்றது. தன்மீது சுமத்தப்படும் முன்முடிவுகளை எதிர்த்துக் குமுறும் பெண், அயலறைக்காரன் மீது தானும் அவற்றையே சுமத்துகின்றாள். அவனுடைய அன்பினால் அவள் மெல்ல மாறுகின்றாள் என்பது உண்மையே. ஆயினும் அவனுக்கென ஒரு வாழ்க்கையை ஆசிரியர் போதியளவு கொடுக்கவில்லை.

ஆடி என்னும் முதிய உறவினர் இறந்து தம் கிராமத்து வீட்டை ஜேனுக்கு விட்டுச்செல்வதும் கதையமைப்பில் ஒரு தளர்ச்சி. யதார்த்தமாகத் தொடங்கிய நாவல், பணமும் கூரையும் வேண்டிய வேளையிற் பழைய கதைகளின் வழக்கத்தையே நாடுகின்றது. ஆடியைப் போன்ற ஒருவர் வாய்க்காத ஜேன்கள் எத்தனைபேர் என்ற கேள்வி எழாமற் போகாது. தந்தை மனம்மாறி மகளைத் தேடி வருவது இவ்வாறன்று. அந்தச் சங்கடமான, சொற்கள் குறைந்த சமரசம் நம்பத்தக்கதாக அமைந்துள்ளது.

1962 இல் பிறையன் போர்ப்ஸ் இதனைத் திரைப்படமாக்கியபோது கதாநாயகி பிரெஞ்சுப் பெண்ணாக மாற்றப்பட்டாள். லெஸ்லி கறோன் நடித்தார். நடிப்பு சிறப்பானது. ஆனால் வெளிநாட்டுப் பெண்ணுக்கு நேர்ந்த கதையாக அது மாறியமையால், ஆங்கில மத்தியதர வர்க்கத்து வீட்டிலிருந்தே ஒருத்தி விரட்டப்பட்டாள் என்னும் உறுத்தல் குறைந்துபோயிற்று.

நாவல் மணவிழாவோடு முடிவதில்லை. ஜேனுக்கு மகன் பிறக்கின்றான்; டேவிட் எனப் பெயரிடுகின்றாள். ரோபி மனந்திருந்தி வந்து தொட்டிலருகே நிற்கும் காட்சியைப் பாங்ஸ் எழுதியிருந்தால் வாசகர் பலர் மகிழ்ந்திருப்பர். அவர் எழுதவில்லை. 1970 இலும் 1974 இலும் மேலும் இரு நாவல்களில் ஜேனின் கதையைத் தொடர்ந்தார். அவற்றிலும் மகனை வளர்க்கும் பொறுப்பு அவள் ஒருத்தியின் கையிலேயே இருக்கின்றது.