மாரடைப்புக்குப் பிறகும் ஒரு வாழ்க்கை

மாரடைப்பு வந்து, ஸ்டென்ட் வைத்துக்கொண்டு வீடு திரும்பியவரை அந்த வீடு எப்படி நடத்தும் என்று பார்த்திருப்பீர்கள். "மாடிப்படி ஏறாதீங்க", "தண்ணிக்குடத்தைத் தொடாதீங்க", "அதிகமாப் பேசாதீங்க". கூடத்தில் கட்டில் போட்டாகிவிடும். குளிக்கப் போனால் கதவுக்கு வெளியே ஒருவர் காவல் நிற்பார். எல்லாம் அன்பினால்தான். ஆனால் மூன்று மாதம் கழித்துப் பார்த்தால், தெருமுனைக் கடைக்குப் போய்வரக்கூட அவர் பயப்படுவார். அவருடைய இதயம் ஓரளவு தேறியிருக்கும், மனிதர்தான் தேறியிருக்க மாட்டார்.

இதற்கு வீட்டாரை மட்டும் குறை சொல்ல முடியாது. மருத்துவமே நெடுங்காலம் இதைத்தான் செய்தது. 20-ஆம் நூற்றாண்டின் முதல் பாதியில் மாரடைப்பு வந்தவரை ஆறு வாரம் வரை படுக்கையிலேயே வைத்திருந்தார்கள். எழுந்து உட்காரவும் அனுமதி கிடையாது, சாப்பாடு கூட நர்ஸ்தான் ஊட்டிவிட வேண்டும். இதயத் தசையில் ஏற்பட்ட காயம் ஆற அத்தனை நாளாகும், அதற்குள் அசைந்தால் இதயம் தாங்காது என்பது அன்றைய நம்பிக்கை. நடந்தது வேறு. அசையாத கால்களில் இரத்தம் உறைந்து, அந்தக் கட்டி நுரையீரலுக்குப் போய் அடைத்துப் பலர் இறந்தார்கள்.

1952-இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் சாமுவேல் லெவைன், பெர்னார்ட் லவுன் என்ற இரு மருத்துவர்கள் ஒரு எளிய காரியம் செய்தார்கள். நோயாளிகளைச் சில நாட்களிலேயே கட்டிலிலிருந்து இறக்கி, சாய்வு நாற்காலியில் உட்கார வைத்தார்கள். ஆரம்பத்தில் சக மருத்துவர்களே எதிர்த்தார்கள். பயந்தபடி எதுவும் நடக்கவில்லை, நோயாளிகள் தெம்பாகத்தான் இருந்தார்கள்! 1955 செப்டம்பரில் அமெரிக்க அதிபர் ஐசனோவருக்கு மாரடைப்பு வந்தது. இனி இவர் அவ்வளவுதான் என்று பேசிக்கொண்டார்கள். அவரைக் கவனித்த டாக்டர் பால் டட்லி ஒயிட், நடப்பதையும் சைக்கிள் ஓட்டுவதையும் பெரிதும் வலியுறுத்தியவர். அடுத்த ஆண்டே ஐசனோவர் மறுபடி கோல்ஃப் ஆடினார், தேர்தலிலும் நின்று வென்றார்.

படுத்தே கிடந்தால் உடம்பு என்ன ஆகும் என்பதை 1966-இல் டாலஸ் நகரில் நடந்த ஆய்வு காட்டியது. 20 வயதுள்ள, ஆரோக்கியமான 5 இளைஞர்களை 3 வாரம் படுக்கையில் வைத்தார்கள். அவர்களது உழைக்கும் திறன் வெகுவாகக் குறைந்துபோனது. அதே ஐந்து பேரை 30 ஆண்டுகள் கழித்து மீண்டும் சோதித்தபோது, 30 ஆண்டு முதுமை செய்ததைவிட அந்த 3 வாரப் படுக்கை செய்த சேதமே அதிகம் என்று தெரிந்தது. நல்ல இதயத்துக்கே இந்தக் கதி என்றால் அடிபட்ட இதயத்தைப் பற்றிச் சொல்ல வேண்டுமா?

இந்த அனுபவங்களிலிருந்து வளர்ந்ததுதான் 'இதய மறுவாழ்வு' என்னும் சிகிச்சை. அது மருத்துவமனையில் எழுந்து உட்கார்ந்து, வராந்தாவில் நடப்பதில் தொடங்குகிறது. வீடு திரும்பிய பின் சில வாரங்களுக்கு மேற்பார்வையில் உடற்பயிற்சி. கூடவே உணவு, புகையை நிறுத்துதல், மாத்திரைகளைத் தவறாமல் சாப்பிடுதல், மனத்தைத் தேற்றுதல். பயிற்சியின் அளவை அறிய ஒரு சுலபமான வழி உண்டு. நடக்கும்போது பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. பேசவே மூச்சு வாங்கினால் வேகம் அதிகம் என்று பொருள்.

இதனால் ஆயுள் கூடுமா என்றுதான் எல்லோரும் கேட்பார்கள். 2021-இல் வெளியான காக்ரேன் தொகுப்பு 85 ஆய்வுகளை, 23,000-க்கும் மேற்பட்ட நோயாளிகளை அலசியது. இதய நோயால் வரும் மரணமும், மறுபடி மருத்துவமனையில் சேர்வதும் குறைவதாகச் சொன்னது. ஆனால் நோயாளியின் மனதில் இருக்கும் கேள்விகள் வேறு. பேரனைத் தூக்கலாமா? வேலைக்குத் திரும்பலாமா? மனைவியோடு பழையபடி இருக்கலாமா? இந்தக் கடைசிக் கேள்வியைப் பலர் வாய் திறந்து கேட்பதே இல்லை. மாரடைப்புக்குப் பின் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு மனச்சோர்வு வருகிறது. அதை எந்த ஈ.சி.ஜி.யும் காட்டாது. வாழ்க்கைத் தரம் என்று மருத்துவர்கள் சொல்வது இவற்றையெல்லாம் சேர்த்துத்தான்.

இந்தியாவில் 24 மருத்துவமனைகளில் மாரடைப்பிலிருந்து மீண்ட 3,959 பேரை வைத்து 'யோகா-கேர்' என்ற ஆய்வு நடந்தது. முடிவு 2020-இல் வெளியானது. யோகாவை அடிப்படையாகக் கொண்ட பயிற்சி பெற்றவர்களில், மரணமோ மறுபடி மாரடைப்போ குறைந்ததாக உறுதியாகச் சொல்ல முடியவில்லை. ஆனால் அவர்கள் பழைய அன்றாட வேலைகளுக்குத் திரும்புவது மேம்பட்டிருந்தது, தங்கள் உடல்நலத்தைச் சற்று உயர்வாகவும் மதிப்பிட்டார்கள். விலையுயர்ந்த கருவி இல்லாமலும் இதைச் செய்யலாம் என்பதுதான் இதில் கவனிக்க வேண்டியது. ஏனென்றால் நம் நாட்டில் முறையான மறுவாழ்வு மையங்கள் குறைவு. மையம் இருந்தாலும் வாரம் மூன்று நாள் கூலியை விட்டுவிட்டுப் பஸ் ஏறிப் போவது எத்தனை பேரால் முடியும்? பெண்கள் வருவது இன்னும் குறைவு. நோயாளியாக வீடு திரும்பிய மறுநாளே அடுப்படிக்குள் போய்விடும் அம்மாவுக்கு ஓய்வும் இல்லை, பயிற்சியும் இல்லை.

எல்லா இதயமும் ஒன்றல்ல. யார் எவ்வளவு நடக்கலாம் என்பதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும். நெஞ்சுவலி, தலைசுற்றல், அதிக மூச்சிரைப்பு வந்தால் உடனே நிறுத்த வேண்டும். ஆனால் டிஸ்சார்ஜ் ஆகும் நாளில் "என்னென்ன செய்யக்கூடாது டாக்டர்?" என்று கேட்கும் உறவினர்கள், "என்னென்ன செய்யலாம்?" என்பதையும் சேர்த்துக் கேட்கலாம். பிறகு "நடக்காதீங்க" என்று சொல்வதற்குப் பதில், செருப்பை மாட்டிக்கொண்டு "வாங்க, நானும் வர்றேன்" என்று கூடவே கிளம்பலாம். அன்பைக் காட்ட அதுவும் ஒரு வழிதான்.